கப்பல் ஏறும் முன் கணக்குப் பாருங்கள்



சென்ற மாதம் தெலுக் இந்தானுக்கு அருகே ஒரு தோட்டத்திலிருந்து சகோதரி ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். கடிதம் இரண்டு பக்கம்தான். கூடவே நான்கு தாள்களை இணைத்திருந்தார். பத்திரிகையில் வந்த சொகுசுக் கப்பல் விளம்பரம் ஒன்று, பட்டணத்துப் பயண ஏஜண்டு எழுதிக் கொடுத்த விலைச் சீட்டு ஒன்று, தெரிந்தவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியைக் கையால் எழுதி எடுத்தது ஒன்று. நான்காவது தாளில் அவரே பென்சிலால் போட்ட கூட்டல். அதில் மூன்று இடங்களில் அடித்துத் திருத்தியிருந்தார். அந்த அடித்தல் திருத்தலைப் பார்த்தவுடனேயே இந்த மாதம் இதைப் பற்றித்தான் எழுதுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

அவர் எழுதியிருந்தது இதுதான்: “அக்கா, என் மாமியாருக்கு வயது 71. தூரமாகப் போனது என்றால் தைப்பூசத்துக்குப் பத்துமலை போனதுதான். கப்பலில் போக வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாள் ஆசை. பிள்ளைகளும் நச்சரிக்கிறார்கள். மாதக் கூட்டுப் போட்டு, தீபாவளி போனசையும் தொடாமல் வைத்து 7,000 வெள்ளி சேர்த்திருக்கிறேன். நாங்கள் ஐந்து பேர். மூன்று இடத்தில் விலை கேட்டேன். தலைக்கு 699 வெள்ளி, 850 வெள்ளி, 1,150 வெள்ளி. வீட்டுக்காரர் 699-க்கே போகலாம், மிச்சக் காசில் சிங்கப்பூரில் சாமான் வாங்கலாம் என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?”

வீட்டுக்காரர் சொல்வதில் தவறில்லை. மூன்று கடையில் அரிசி விலை கேட்டால் குறைந்த விலைக் கடையில்தானே வாங்குவோம்? ஆனால் ஒரு கடைக்காரர் பத்து கிலோ மூட்டைக்கு விலை சொல்கிறார், இன்னொருவர் ஐந்து கிலோவுக்குச் சொல்கிறார், மூன்றாமவர் மூட்டைச் சாக்குக்கு மட்டும் விலை சொல்லிவிட்டு அரிசிக்குப் பிறகு வாங்கிக்கொள்கிறார் என்றால் என்ன செய்வீர்கள்? கப்பல் விலை அப்படித்தான் இருக்கிறது. சகோதரியின் மூன்று தாள்களும் மூன்று வேறு சரக்குகளைப் பற்றிப் பேசுகின்றன.

முதலில் அந்த 699 வெள்ளியை எடுத்துக்கொள்வோம். விளம்பரத்தில் எண் பெரிதாக இருக்கிறது. அதற்குப் பின்னால் “முதல்” என்று ஒரு சிறு சொல் இருக்கிறது. கீழே எறும்பு ஊர்ந்தாற்போல் சின்ன எழுத்தில் நான்கு வரிகள். என் மூக்குக் கண்ணாடிக்கு அது போதவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். ஓர் அறையில் இருவர் தங்கினால் ஒருவருக்கு ஆகும் விலை அது. அறை உள்பக்கத்து அறை, அதாவது சன்னல் இல்லாதது. துறைமுகக் கட்டணமும் வரியும் தனி. கப்பல் சிப்பந்திகளுக்கான சேவைக் கட்டணமும் தனி. கப்பல் புறப்படுவது சிங்கப்பூரிலிருந்து.

ஒருவர் மட்டும் தனியாகப் போவதானால் இந்த எண்ணுக்கு அர்த்தமே மாறிவிடும். அறையை இருவருக்கு என்றுதான் விற்கிறார்கள். தனி ஆள் பல கப்பல்களில் கிட்டத்தட்ட இரண்டு பேர் காசு கட்ட வேண்டியிருக்கும். கணவரை இழந்த பெண்கள், திருமணமாகாத ஆசிரியைகள் என்று எத்தனையோ பேர் இதில் ஏமாந்து போய் எனக்கு எழுதியிருக்கிறார்கள். தங்கையையோ தோழியையோ சேர்த்துக்கொண்டு போனால் மட்டுமே விளம்பர விலை உங்கள் விலை.

மாறாக, ஒரே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளாகப் படுப்பவருக்குப் பெரும்பாலும் விலை குறைவு. மேலே மடக்கி வைத்திருக்கும் கட்டிலை இறக்கிக் கொடுப்பார்கள்; பிள்ளைகளுக்கு அதில் படுப்பதே ஒரு கொண்டாட்டம். ஆனால் சாதாரண அறையில் நால்வருக்கு மேல் விடமாட்டார்கள். நம் சகோதரி வீட்டில் ஐந்து பேர். அப்படியானால் இரண்டு அறை. ஒன்றில் மூவர், இன்னொன்றில் இருவர். நால்வருக்கு முழு விலை, ஒருவருக்குக் குறைந்த விலை.

விளம்பரத்தில் இருந்த எண்ணுக்கு நானே தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். (நாற்பது நிமிடம் பாட்டுப் போட்டுக் காக்க வைத்தார்கள் என்பது வேறு விஷயம்.) அவர்கள் சொன்னதை வைத்துப் போட்ட கணக்கு இது. நால்வருக்கு 699 வீதம் 2,796 வெள்ளி. மூன்றாவது ஆள் விலை 499. இரண்டும் சேர்ந்து 3,295. துறைமுகக் கட்டணமும் வரியும் தலைக்கு 210 என்று ஐந்து பேருக்கு 1,050. மூன்றாவது ஆளுக்கு அறை விலை குறையும். வரி குறையாது, பிள்ளை என்றாலும் குறையாது. சேவைக் கட்டணம் ஓர் இரவுக்குத் தலைக்கு 65 வெள்ளி. மூன்று இரவு, ஐந்து பேர்: 975. இதுவரைக்கும் 5,320 வெள்ளி ஆகிவிட்டது, இன்னும் வீட்டு வாசலை விட்டு இறங்கவில்லை!

தெலுக் இந்தானிலிருந்து சிங்கப்பூருக்கு இரவு பஸ், அங்கிருந்து துறைமுகத்துக்கு வாடகைக் கார், திரும்பும்போதும் அப்படியே: தலைக்கு 160 என்று 800. கப்பலை விட்டுக் காலையில் இறங்குவார்கள், பஸ் இரவில்தான்; அந்த ஒரு நாள் சிங்கப்பூரில் ஐந்து பேர் பசியாறி, மதியம் சாப்பிட, சிக்கனமாகப் பார்த்தாலும் 150. பயணக் காப்புறுதி தலைக்கு 40 என்று 200. ஆக மொத்தம் 6,470 வெள்ளி.

சகோதரி பென்சிலால் போட்டிருந்தது என்ன தெரியுமா? 699 பெருக்கல் 5, 3,495. மிச்சம் 3,505 வெள்ளி என்று கீழே கோடு போட்டு எழுதி, பக்கத்தில் “மிக்சி, அத்தைக்குக் கம்பளி” என்று குறித்திருந்தார்.

இதில் ஒன்று விட்டுப்போயிற்று. கடப்பிதழ்! வீட்டில் யாருக்கும் இல்லை என்று கடிதத்தின் மூலையில் எழுதியிருக்கிறார். நமது ஐந்தாண்டுக் கடப்பிதழுக்கு 200 வெள்ளி. 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் 12 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கும் 100 வெள்ளி. சகோதரிக்கும் கணவருக்கும் 15 வயது மகனுக்கும் 600, மாமியாருக்கும் 10 வயது மகளுக்கும் 200, மொத்தம் 800. கடப்பிதழ் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் எடுத்து ஒருமுறை தேதியைப் பாருங்கள். பயண நாளில் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும் என்று கப்பல் நிறுவனங்கள் கேட்கின்றன. துறைமுகம் வரை போய்த் திரும்பி வந்த குடும்பங்கள் உண்டு.

இப்போது பட்டணத்து ஏஜண்டின் சீட்டு. தலைக்கு 1,150 வெள்ளி. கேட்டவுடன் ‘அம்மாடி’ என்றுதான் தோன்றும். வீட்டுக்காரர் இந்தச் சீட்டை மடித்து ஓரமாக வைத்துவிட்டாராம். நான் விரித்துப் படித்தேன். துறைமுகக் கட்டணம், வரி, சேவைக் கட்டணம் எல்லாம் உட்பட என்று எழுதியிருக்கிறது. அதே மூன்று இரவு. ஏறுவது கிள்ளான் துறைமுகத்தில், பூலாவ் இண்டா முனையத்தில். அறை சன்னல் உள்ள அறை. ஐந்து பேருக்கு 5,750. தோட்டத்திலிருந்து பூலாவ் இண்டாவுக்கு வேன் வாடகை போக வர 600 என்று அவரே எழுதியிருக்கிறார். காப்புறுதி 200. மொத்தம் 6,550.

பார்த்தீர்களா? விளம்பரத்தில் தலைக்கு 451 வெள்ளி வித்தியாசம். வாசலில் ஏறி வாசலில் இறங்கும் வரை கணக்குப் போட்டால் குடும்பத்துக்கே 80 வெள்ளி. தலைக்கு 16 வெள்ளி. அந்த 16 வெள்ளிக்கு ஒரு சன்னல் கிடைக்கிறது, ஓர் இரவு முழுக்கப் பஸ்ஸில் உட்கார்ந்து போகும் அலுப்பு மிச்சமாகிறது. 71 வயது முழங்காலுக்கு அந்த இரவுப் பஸ் சாதாரண விஷயமில்லை.

இந்த எண்கள் எல்லாம் அந்தக் கடிதத்துக்கும் அந்த மாதத்துக்கும் உரியவை. நீங்கள் கேட்கும்போது வேறு எண்கள் சொல்வார்கள். பள்ளி விடுமுறை, சீனப் பெருநாள், ஆண்டுக் கடைசி என்றால் அதே கப்பல், அதே அறை, விலை மட்டும் ஏறியிருக்கும். வெள்ளிக்கிழமை புறப்படும் பயணத்தைவிட வாரத்தின் நடுவில் புறப்படுவது பெரும்பாலும் மலிவு. ஆகையால் இரண்டு இடத்தில் விலை கேட்கும்போது ஒரே தேதி, ஒரே வகை அறை, ஒரே எண்ணிக்கை ஆட்கள் என்று சொல்லிக் கேளுங்கள். “எல்லாம் சேர்த்து எங்கள் குடும்பத்துக்கு மொத்தம் எவ்வளவு? எழுதிக் கொடுங்கள்” என்று கேளுங்கள். தலைக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எல்லோரிடமும் ஓர் அழகான பதில் தயாராக இருக்கிறது.

சன்னலைப் பற்றி நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

என் தாயார் 1951-இல், பன்னிரண்டு வயதில், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி இந்த நாட்டுக்கு வந்தவர். ரஜூலாவைப் பற்றிப் பாட்டிமார் கதை சொல்லாத வீடு நம்மில் உண்டா? 1926-இல் கட்டப்பட்ட கப்பல். 1970-களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று நம்மவர்களைச் சுமந்துகொண்டு போய் வந்தது. பிறகு எம்.வி. சிதம்பரம் வந்தது; 1985-இல் அதில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்ததோடு அந்தப் போக்குவரத்தும் முடிந்தது. ரஜூலாவில் நம்மவர்களில் பெரும்பாலோர் டெக் பயணிகள்தான். அறை கிடையாது, பாய் விரித்த இடம்தான் இடம். அம்மாவுக்குக் கிடைத்தது கீழ்த்தட்டில். பாட்டிக்குக் கடல் ஒத்துக்கொள்ளாமல் வாந்தி. “கடலைப் பார்த்தியாம்மா?” என்று சின்ன வயதில் நாங்கள் கேட்டால், “எங்கேடி பார்த்தேன்? வாளியைத்தான் பார்த்தேன்” என்பார்.

2018-இல் அவருக்கு 79 வயது. நாங்கள் பிள்ளைகள் காசு போட்டு மூன்று இரவுக் கப்பல் பயணம் அழைத்துப் போனோம். விலை விசாரித்தது, பதிவு செய்தது எல்லாம் நான்தான். வரவு செலவுப் பக்கம் எழுதுகிறவள் அல்லவா? அம்மாவும் நானும் ஓர் அறை. சன்னல் அறைக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து 560 வெள்ளி கூடுதல் என்றார்கள். அறையில் தூங்கத்தானே போகிறோம், கடலைப் பார்க்க மேல்தளம் இருக்கிறதே என்று உள்பக்கத்து அறையையே எடுத்தேன். இந்த வாதத்தை எல்லோரும் சொல்வார்கள். இளவயதுக்காரர்களுக்கு அது முழுக்க நியாயமான வாதம்தான்.

அறைக்குள் போனதும் அம்மா கட்டிலில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார். ஒரு பக்கச் சுவரில் அலங்காரத்துக்குத் திரைச்சீலை தொங்கியது. எழுந்து போய் அதை விலக்கினார். பின்னால் சுவர்தான் இருந்தது. திரையைப் பழையபடி மூடிவிட்டுத் திரும்பி, “இதுவும் கீழ்த்தட்டுத்தானாம்மா?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நான் உடனே கீழே ஓடிப்போய் அறையை மாற்றித் தரச் சொன்னேன். கப்பல் நிரம்பிவிட்டது, ஓர் அறைகூட இல்லை என்றார்கள். மேல்தளத்துக்கு அழைத்துப் போனேன். மின்தூக்கி வாசலில் கூட்டம், நடக்க வேண்டிய தூரமோ அதிகம், வெயில் வேறு. மூன்று நாளில் நாலைந்து முறை போயிருப்போம். மீதி நேரம் அம்மா அறையில் படுத்து, தொலைக்காட்சியில் கப்பலின் முன்பக்கத்திலிருந்து கடலைக் காட்டும் ஓர் அலைவரிசை இருந்ததே, அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். 2021-இல் தவறிப்போனார். மிச்சம்பிடித்த அந்த 560 வெள்ளியை எதற்குச் செலவு செய்தேன் என்று எனக்கு நினைவில்லை.

சரி, மூன்றாவது தாளுக்கு வருவோம். வாட்ஸ்அப் செய்தி. தலைக்கு 850 வெள்ளி, கூட்டமாகப் போகிறோம், பஸ்ஸும் உட்பட, கடைசி எட்டு இடம்தான் பாக்கி, இன்றிரவுக்குள் பணம் போட்டால் இடம் நிச்சயம். இப்படிப் போகிறது. முதலில் நாளைக் கவனியுங்கள். “மூன்று நாள்” என்று எழுதியிருக்கிறது, ஆனால் இரவு இரண்டுதான். கப்பல் பயணத்தில் நாள் கணக்கை நம்பக்கூடாது. முதல் நாள் மத்தியானத்துக்கு மேல்தான் ஏறுவோம். கடைசி நாள் பசியாறியதும் இறங்கச் சொல்லிவிடுவார்கள். இரண்டு இரவுப் பயணத்தில் முழுதாகக் கையில் கிடைப்பது ஒரே ஒரு நாள். ஆகையால் எப்போதும் இரவால் வகுத்துப் பாருங்கள். 850-ஐ இரண்டால் வகுத்தால் ஓர் இரவுக்கு 425. ஏஜண்டின் 1,150-ஐ மூன்றால் வகுத்தால் 383 சொச்சம். மலிவு என்று வந்ததுதான் விலை கூடியது! அதிலும் சேவைக் கட்டணம் உட்படவா, துறைமுகக் கட்டணம் உட்படவா என்று ஒரு சொல்கூட இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம், பணத்தை ஒரு தனிநபரின் வங்கிக் கணக்கில் போடச் சொல்லியிருக்கிறார். ரசீது கப்பல் ஏறும்போது தருவாராம். சகோதரி, அவர் நல்லவராகவே இருக்கலாம். நமக்குத் தெரிந்தவர், கோயிலில் பார்ப்பவர், கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர். ஆனால் நம் நாட்டில் பயணம் ஏற்பாடு செய்து பணம் வாங்கித் தொழில் நடத்துபவர்கள் சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சின் உரிமம் வைத்திருக்க வேண்டும். உரிம எண்ணைக் கேளுங்கள். அமைச்சின் இணையப் பக்கத்தில் அதைச் சரிபார்க்கலாம், மகனிடம் சொன்னால் ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்வான். சிங்கப்பூர் வாசகர்கள் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் உரிமத்தைப் பார்க்க வேண்டும். உரிம எண் கேட்டதற்குக் கோபித்துக்கொள்கிறவரிடம் பணம் கொடுக்க வேண்டாம். உறவு முறியும் என்று பயந்தால், பணம் போன பிறகு அந்த உறவு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பணம் கட்டிய பிறகு தகராறு வந்தால், மலேசியாவில் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளிதான். வக்கீல் வைக்கத் தேவையில்லை. 50,000 வெள்ளி வரை கோரலாம். சிங்கப்பூரில் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரை விசாரிக்கும். ஆனால் இரண்டு இடத்திலும் முதல் கேள்வி “ரசீது எங்கே?” என்பதாகத்தான் இருக்கும்.

பெரிய நிறுவனமாயிற்றே, பயமென்ன என்று சொல்வதற்கும் இல்லை. ஸ்டார் குரூசஸ், டிரீம் குரூசஸ் கப்பல்களை ஓட்டிய கெந்திங் ஹாங்காங் நிறுவனம் நோய்த்தொற்றுக் காலத்தில் நொடித்து, 2022 ஜனவரியில் கலைப்புக்கு மனுச் செய்தது. சிங்கப்பூரிலிருந்து ஓடிக்கொண்டிருந்த வேர்ல்ட் டிரீம் கப்பல் அந்த ஆண்டு மார்ச்சில் நின்றது. ஜூனில் ரிசோர்ட்ஸ் வேர்ல்ட் குரூசஸ் என்ற புதிய நிறுவனத்தின் பெயரில் கெந்திங் டிரீம் கப்பல் சிங்கப்பூரிலிருந்து ஓடத் தொடங்கியது உண்மைதான். ஆனாலும் ஓராண்டுக்கு முன்பே முழுப் பணத்தையும் கட்டினால் இவ்வளவு தள்ளுபடி என்று யாராவது சொன்னால், எனக்கு அந்த மார்ச் மாதம்தான் நினைவுக்கு வருகிறது. முன்பணம் கட்டி இடம் பிடித்துக்கொண்டு, மீதியை அவர்கள் குறிக்கும் கடைசித் தேதிக்குள் கட்டுவது மேல். அந்தக் கடைசித் தேதியையும், இடையில் போக முடியாமல் போனால் எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பயண நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடிக்கொண்டே போகும். கடைசி வாரங்களில் ஒரு காசும் திரும்பாது. வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் காப்புறுதியை விட்டுவிடாதீர்கள். அதிலும் வயது வரம்பு இருக்கிறதா, இருக்கும் நோய்களுக்குப் பாதுகாப்பு உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, பெயர். கடப்பிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே, ஏ/எல், ஏ/பி வரை, எழுத்துப் பிசகாமல் கொடுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயரைக் கொடுத்துவிட்டு, பிறகு திருத்தக் கட்டணம் கட்டிய வாசகி ஒருவர் இருக்கிறார்.

கப்பலில் ஏறிய பிறகு ஆகும் செலவை யாரும் விலைச் சீட்டில் எழுதுவதில்லை. சாப்பாடு இலவசம் என்பது பொதுச் சாப்பாட்டுக் கூடத்துக்குத்தான். தனி உணவகங்களில் தனிக் காசு. சைவச் சாப்பாடு நம் வட்டாரக் கப்பல்களில் கிடைக்கிறது. இருந்தாலும் பதிவு செய்யும்போதே சொல்லி வைத்துவிடுங்கள். குளிர்பானம், இணையம், படம் பிடித்துத் தருவது, துறைமுகத்தில் இறங்கி ஊர் சுற்றிப் பார்ப்பது எல்லாவற்றுக்கும் தனிக் காசு. பினாங்கிலே இறங்கினால் கப்பல்காரர் ஏற்பாடு செய்யும் சுற்றுலா நமக்கு எதற்கு? சுவெட்டன்ஹாம் பியரிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போய்விடலாம்.

கப்பலுக்குள்ளே யாரும் காசை எடுத்து நீட்ட வேண்டியதில்லை. ஆளுக்கோர் அட்டை கொடுப்பார்கள். அதைக் காட்டினால் போதும், கணக்கு ஏறிக்கொண்டே இருக்கும். கடைசி நாளில் மொத்தமாகச் சீட்டு வரும். சில கப்பல்களில், சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கப்பலாக இருந்தாலும், அந்தக் கணக்கு அமெரிக்க டாலரில் இருக்கும். “பத்துத்தானே” என்று பிள்ளை வாங்கியது பத்து ரிங்கிட் அல்ல. ஆகையால் ஏறிய அன்றே முகப்பில் சொல்லிப் பிள்ளைகளின் அட்டையில் செலவு ஏறாதபடி செய்துவிடுங்கள். சூதாட்டக் கூடமும் இருக்கிறது. அறை விலையை ஏன் இவ்வளவு மலிவாக விளம்பரம் செய்கிறார்கள் என்று யோசித்தால் அந்தக் கூடத்தின் வெளிச்சம் கண்ணில் படும். அங்கே நிறைய விளையாடுகிறவர்களுக்கு இலவசமாகவே அறை கொடுத்துக் கூப்பிடுவதும் உண்டு. வீட்டில் யாருக்காவது அந்தப் பழக்கம் இருந்தால், விலை ஒப்பிடும் வேலையே வேண்டாம்; வேறு பயணம் பாருங்கள்.

இனி, சகோதரிக்கு. ஏஜண்டின் விலையும் கடப்பிதழும் சேர்ந்தால் 7,350 வெள்ளி. கையில் இருப்பதோ 7,000. விளம்பரக் கப்பலில் போனாலும் 7,270 ஆகிறது, அதுவும் போதவில்லை. ஆகையால் ஏஜண்டிடம் திரும்பப் போங்கள். ஐந்து பேருக்கும் ஒரே விலை போட்டிருக்கிறாரே, மூவர் தங்கும் அறையில் மூன்றாவது ஆளுக்கு ஏன் குறைக்கவில்லை என்று கேளுங்கள். கப்பல் நிறுவனம் குறைத்துத்தான் கொடுத்திருக்கும். அந்தக் குறைவு அவர் கையில் நிற்கிறது. 300 வெள்ளி குறைத்தாலே மொத்தம் 7,050-க்கு வந்துவிடும். வாரத்தின் நடுவில் புறப்படும் பயணத்துக்கு என்ன விலை என்றும் கேளுங்கள். வீட்டுக்காரர் கூட வந்தால் நல்லது. ஆனால் கேட்பது நீங்களாக இருங்கள், கணக்குப் போட்டவர் நீங்கள்தான்.

கடப்பிதழுக்கு மட்டும் இப்போதே போய்வந்துவிடுங்கள். அந்த 800 வெள்ளியைப் போனசிலிருந்து எடுத்துவிட்டால், அடுத்த தீபாவளி வரை தள்ளிப் போடலாமே என்ற பேச்சு வீட்டில் எழாது. மிக்சி பிறகு வாங்கலாம். கம்பளியை விட வேண்டாம். கப்பலில் குளிர்சாதனம் பற்களை ஆட வைக்கும், அத்தைக்கு அது தேவைப்படும். அதைத் தெலுக் இந்தானிலேயே வாங்குங்கள், சிங்கப்பூரைவிட மலிவு.

அறை எடுக்கும்போது ஏஜண்டிடம் இன்னும் ஒன்று கேட்க வேண்டும்: சன்னலுக்கு வெளியே உயிர்காப்புப் படகு தொங்கி மறைக்கிறதா என்று. அப்படி மறைக்கும் அறைகளும் சன்னல் அறை என்ற பெயரில்தான் விற்பனைக்கு வருகின்றன. மறைக்காத அறையாகப் பார்த்து எண்ணைக் குறித்து வாங்கிக்கொண்டு, எந்தக் கட்டில் சன்னலோரம் என்பதையும் கேட்டு எனக்கு எழுதுங்கள்.